அவள் சாப்பிட்ட கனவு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். காலையில் மனைவி சொன்ன கனவை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடிதான் வந்திருந்தான். நீளமான மேசை. அதன்மேல் மூடி வைத்த பாத்திரங்கள். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள், பிறகு மூடி வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் கனவு.

மழைக்காலத்துக்கு முன்பே அவள் தட்டைத் தள்ளத் தொடங்கியிருந்தாள். முதலில் இரண்டு வீட்டாரும் நல்ல செய்தி என்று நினைத்துக் கேலி பேசிச் சிரித்தார்கள். அது இல்லையென்று ஆனபின் யாரும் சிரிக்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. முன்கையில் குழந்தைக்கு இருப்பதுபோல் மெல்லிய பூனைமயிர் படர்ந்திருந்தது. கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை.

“முன்னெல்லாம் இப்படிப்பட்டவங்களக் கட்டிப்போட்டு ஊட்டினாங்க” என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். “என் வாத்தியாருங்கதான் கனவைக் கேட்டாங்க. பசி வயித்துல இல்ல, மனசுல முடிச்சுப் போட்டுக் கெடக்கு. வீட்ல யாரும் சாப்பாட்டப் பத்திப் பேசாதீங்க. கனவ மட்டும் கேட்டுட்டு வாங்க.”

அவனும் அப்படியே செய்தான். அவள் கனவு சொல்லும் அழகில் எதிரிலிருந்த தட்டு ஆறிப்போனதைக்கூட அவன் கவனிக்கவில்லை. அவளுடைய அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை.

“மாப்ளே, நீங்க புருஷனா, ஜோசியரா? தங்கச்சி கையப் புடிச்சுப் பாருங்க, வெறும் குச்சி. பேசாம ஆஸ்பத்திரில சேத்துடுங்க.”

அவர் போட்ட சத்தத்தில் டாக்டரும் இறங்கி வந்து, திங்கட்கிழமைக்கு வார்டில் ஒரு கட்டில் பிடித்து வைத்தார். மூக்கு வழியாகக் குழாய் விடுவார்கள். அதைக் கேட்ட அன்று அவள் அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அங்க மட்டும் வேணாங்க.” பிடித்த விரல்கள் ஐஸாகச் சில்லிட்டிருந்தன.

“மூடியத் தொறந்தாங்களா?” மேசையையும் பாத்திரங்களையும் பற்றிக் கேட்டுக்கொண்ட டாக்டர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

“தொறந்தா டாக்டர்.”

“அப்புறம்?”

குழாய் கண்முன்னால் வந்து நின்றது. “சாப்பிட்டா” என்றான்.

“எத?”

“எல்லாத்தையும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் பளபளத்தன. “முடிச்சு அவுந்துடுச்சய்யா! கனவுல சாப்பிட்டவங்க நெஜத்துலயும் சாப்பிடுவாங்க.” போனை எடுத்தார். “அந்தத் திங்கட்கிழமைக் கட்டில வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவன் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தான்.

வீட்டில் அவள் ஜன்னலோரம் வெயிலைத் தேடி உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். கல்யாணமான புதிதில் சிரித்ததுபோலச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எத்தனை நாளாக ஏங்கியிருந்தான்!

“எல்லாத்தையுமா சாப்பிட்டேன்? சரியான ஆளுதான் நீங்க.”

“வார்டு வேணாமாம்.”

“அப்பாடா. இனிமே சொல்றதுக்கு என்ன? நான் கனவே காணலைங்க. தூங்கினாத்தானே கனவு வரும்? விடிய விடிய முழிச்சுக் கெடந்து யோசிச்சு வெச்சதுதான் அதெல்லாம்.” செல்லமாக அவன் தோளில் தட்டினாள். தட்டியதே தெரியவில்லை. “நாளைக்கு இன்னும் நல்லதா ஒண்ணு சொல்றேன். டாக்டர் அசந்துடணும்.”

மாடியில் காயும் துணியை எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்தாள். “நான் போறேன்” என்றான். “உக்காருங்க, நான் என்ன கெழவியா?” என்றபடி போய்விட்டாள்.

அவன் கை தானாகப் போனுக்குப் போனது. எண்ணைச் சுற்றும்போது விரல் வழுக்கியது, மறுபடி சுற்றினான். மரப்படிகளில் அவள் ஏறும் ஓசை கேட்டது. ஒரு படி. கைப்பிடியின் கிறீச்சு. இன்னொரு படி. வெகுநேரம் கழித்து மற்றொன்று.

“டாக்டர் வீடு. யாரு பேசறது?”

பாதி மாடிப்படியில் காலடி நின்றிருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

“ஹலோ, யாருங்க?”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்த படியின் ஓசைக்காக அவன் மூச்சைப் பிடித்து நின்றான்.