அக்காவின் மூக்கு

மெக்கானிக்குக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. தெருவுக்கு அவர் 'அவசரம்'தான். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். நட்டு கழலவில்லை என்றால் சுத்தியலை எடுத்துவிடுவார்.

நாற்பது வருஷம் டீசல் இன்ஜின்களோடு குடித்தனம் நடத்தியதில் அவருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. அதனால்தான் பட்டறையின் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகி, மாதக்கணக்கில் டீசல் மண்ணுக்குள் இறங்கியது அவருக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அக்காவுக்குத் தெரிந்தது. மூன்று தடவை சொன்னார். "உனக்கு எதுலதான்க்கா நாத்தம் அடிக்கல?" என்று மூன்று தடவையும் தம்பி சிரித்தார்.

தொட்டியை வெளியே எடுத்தபோது அக்காவின் கொல்லை மண் கறுத்துக் கிடந்தது. நான்கு மாதத்துக்குள் எண்ணெய் அளவு இறங்காவிட்டால் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டி அள்ளிவிடுவோம் என்றார்கள் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள். தோண்டினால் அக்காவின் சமையலறை நிற்காது. அத்தான் கடைசியாகத் தன் கையால் கட்டிய அறை அது. அன்றோடு அக்கா தம்பியிடம் பேச்சை நிறுத்தினார். சமையலறையைவிட அதுதான் அவசரத்தைத் தின்றது.

மண்ணைச் சோதிக்க லேப் மேடம் வந்தார். "இந்த மண்ணுலயே டீசலைத் தின்னுற பாக்டீரியா இருக்கு. வெளியிலேருந்து யாரையும் அழைக்க வேண்டாம். ஈரம் வேணும், காத்து வேணும், கொஞ்சம் யூரியா. வாரம் ரெண்டு தடவை கிளறி விடுங்க."

"தின்னுட்டு என்ன பண்ணும் மேடம்?"

"நம்மள மாதிரி மூச்சு விடும். எண்ணெய் பெரும்பாலும் காத்தாவும் தண்ணியாவும் போயிடும்."

"எத்தனை நாள்ல?"

"அதுங்க தின்னு முடிக்கிற வரைக்கும்."

இப்படி ஒரு பதிலை அவசரத்திடம் சொல்லலாமா?

மாதம் ஒருமுறை லேப் சோதனை. வாரம் ஒருமுறை மோந்து பார்க்கும் பொறுப்பை மேடம் அக்காவிடம் விட்டார். சனிக்கிழமை காலையில் அக்கா ஒரு பிடி மண்ணை உதிர்த்து மோந்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொல்வார்: "அடிக்குது." அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்கவே தம்பி எட்டு மணிக்குச் சுவரோரம் வந்து நிற்பார்.

முதல் மாதம் அளவு கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் மாதமும் கொஞ்சம்தான். மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? அக்கா வெளியே போன ஒரு மத்தியானம், பட்டறைத் தரை கழுவும் பிளீச்சிங் கரைசலை நாலு கேன் கொண்டுவந்து கொல்லை முழுக்க ஊற்றினார். தரைக் கறை போகும்போது மண்ணில் இருப்பது போகாதா என்று கணக்கு.

சனிக்கிழமை அக்கா மோந்தார். முகம் சுளித்தார். "ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது. என்னடா ஊத்தித் தொலைச்ச?"

இரண்டு மாதத்தில் அக்கா பேசிய நீளமான பேச்சு அதுதான். தம்பியால் பொய் சொல்ல முடியவில்லை.

மேடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "சாப்பிட உக்காந்ததுங்களை விஷம் வச்சுக் கொன்னுட்டீங்களே ஐயா! அடியில இருக்கறது மேல வந்து பெருகுறதுக்குள்ள கெடு முடிஞ்சிடும்."

மேடத்தின் கண் பட்டறையின் பின்மூலைக்குப் போனது. பழைய ஆயில் டிரம்முக்கடியில் கரேலென்று மண்; வருகிறவர்கள் எல்லாம் 'த்சு' கொட்டிவிட்டுப் போகும் இடம்.

"அந்த மண்ணு எத்தனை வருஷமா எண்ணெய் குடிக்குது?"

"பட்டறை ஆரம்பிச்சதுலேருந்து."

"அப்ப அங்க இருக்கறதுங்க பழம் தின்னு கொட்டை போட்டதுங்க. இங்க ஒரு வாரம் தண்ணி விட்டு ஆற விடுங்க. அப்புறம் அதுல பத்து சட்டி கொண்டாந்து கலந்துடுங்க. அதுக்கு மேல எதையும் தொடாதீங்க, சாமி!"

பத்துச் சட்டியையும் அவரே சுமந்தார். அக்கா வாசற்படியில் நின்று பார்த்தார். அதன்பின் அவசரம் சொன்ன நாளில் கிளறினார், சொன்ன அளவு தண்ணீர் தெளித்தார், மற்ற நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்ததைப் பார்த்துத் தெருவே ஆச்சரியப்பட்டது.

"அடிக்குது." அடுத்த வாரமும் "அடிக்குது." ஐந்தாம் வாரம், "கொஞ்சம்." அன்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் 'கொஞ்ச'த்தைச் சொல்லித் தீர்த்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை மேடம் போனில் கூப்பிட்டார். அளவு வரம்புக்குள் வந்துவிட்டது, தோண்ட வேண்டாம். அவசரம் சுவரோரம் ஓடிப்போய்க் கத்தினார்.

மறுநாள் எட்டு மணி. அக்கா வந்தார், மண்ணை உதிர்த்தார், மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். கையைத் தட்டிவிட்டு உள்ளே நடந்தார்.

தம்பிக்குப் பகீரென்றது. அந்த ஒரு சொல்லும் போச்சா? "அக்கா! அடிக்குதா இல்லையா? சொல்லிட்டுப் போயேன்க்கா!"

அக்கா திரும்பினார். "அடிச்சாத்தானேடா சொல்றதுக்கு? வெறும் மண்ணு வாசனைதான் இருக்கு."

அவசரத்தால் சந்தோஷப்பட முடியவில்லை. அடிக்கவில்லை என்றால், அடுத்த சனிக்கிழமை அக்கா எதற்காகச் சுவரோரம் வரப்போகிறார்? ஈரமான கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"உன் டிரம்மு மூலை இன்னும் நாறுது. அதையும் கிளறு," என்றார். "சனிக்கிழமை வந்து மோந்து பாக்கறேன்."