நம்ம முறை

என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டுவதற்குத் தனியாக ஒரு பொறுமை வேண்டும். அது என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

அன்றைக்கு எங்கள் பாடு. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடத்தைத்தான் பாடு என்போம். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போய் விழ முடியாது என்று, வீட்டுக்கு ஒரு நாளாக ஊர் கூடி முறை பிரித்து வைத்திருக்கிறது. முறைக்காரன் வராவிட்டாலும் வேறு எவனும் அங்கே வலை விரிக்க மாட்டான். எங்களுக்கு முறை வருவதே எப்போதாவதுதான். அதையும் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார் அங்கமுத்து. மகள் அர்ச்சனாவைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

பத்தாவதில் அவள் பாஸ்தான். ஆனால் மார்க்கு வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பரீட்சை நெருங்கிய சமயம் நான் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கூட இருந்தது அவள்தான். மடியில் புத்தகம் இருக்கும், கண் நர்ஸுகள் பின்னாலேயே போகும். "நானும் நர்ஸாவேம்மா" என்று அங்கேதான் முதன்முதலாகச் சொன்னாள். நர்சிங் டிகிரிக்கு பயாலஜி குரூப் வேண்டுமாம். அவள் மார்க்கு போனது என்னால். அது எனக்குத் தையலை விட வலித்தது.

"மார்க் கம்மிதான். ஆனா மொத நாளே வந்துடுங்க. ஒண்ணு ரெண்டு சீட்டு இருக்கும், பார்க்கலாம்" என்று அங்கே அட்மிஷன் போடுகிற டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் பள்ளிக்கூடத்து ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை.

கதவைத் திறந்த ஆயாவிடம் என் வீட்டுக்காரர் போனார். "அங்கமுத்து. பொண்ணு பேரு அர்ச்சனா. பயாலஜி குரூப்பு. நாங்கதான் மொத" என்றார். ஆயா தலையை ஆட்டிவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள். இவர் திருப்தியாக வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பைக்கில் வந்தவன், ஆட்டோவில் வந்தவள், எல்லாரும் நேராக உள்ளே போய் டீச்சர் மேஜையை மொய்த்தார்கள்.

"யோவ், எழுந்து போய்யா. வர்றவன்லாம் உள்ள பூறான்" என்றேன்.

"அதான் பேரு சொல்லிக்கிறேன்ல? கூப்புடுவாங்க."

"ஆமா, வெத்தல பாக்கு வெச்சி கூப்புடுவாங்க."

"சும்மா இருடி. நம்ம முறைய எவன் துன்னப்போறான்?"

அர்ச்சனா எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தாள். "நைனா, நானாவது போய் நிக்கட்டுமா?"

"முறை தப்பி பூந்தா அசிங்கம்மா. ஒக்காரு."

எனக்கும் நின்றால் அடிவயிறு இழுத்தது. தவிர, நானும் அந்த ஊர்க்காரிதானே. முறை என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எனக்கு வாய் எழாது.

வெயில் பெஞ்சுக்கு வந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண், "அப்பா, பயாலஜி கிடைச்சிடுச்சி!" என்று குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"பயாலஜி முடிஞ்சிடுச்சும்மா" என்ற டீச்சர் நிமிர்ந்து பார்த்ததும் முகம் மாறினார். "நீங்களா? காலையிலேயே வரச் சொன்னேனே?"

"காலையிலேர்ந்து இங்கதான் கீறோம் டீச்சர்."

என் பின்னால் வந்து நின்ற அங்கமுத்து, "நாங்கதான் மொத ஆளு. பேரு சொல்லிட்டு ஒக்காந்துனு இருந்தோம். எங்க முறை" என்றார்.

"இங்க முறையெல்லாம் கிடையாதுங்க. வந்து கேட்டாத்தான்." டீச்சர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அலுப்பு.

இவருக்குப் புரியவில்லை. பெஞ்சைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "ஆனா நாங்கதானே மொத?" என்று மெதுவாக இன்னொரு தரம் கேட்டார்.

"காமர்ஸ் இருக்கு, ஹிஸ்டரி இருக்கு. எது வேணும்மா?"

"நர்சிங் டிகிரிக்கு எது ஆகும் டீச்சர்?" என்றாள் அர்ச்சனா.

"ரெண்டும் ஆகாதும்மா."

"அப்ப எதுனா போடுங்க."

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை.

பஸ்ஸில் நான் திட்டாத திட்டு இல்லை. "வுடும்மா" என்று அர்ச்சனாதான் என் கையைப் பிடித்தாள்.

கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தோணியைக் கட்டிக்கொண்டிருந்த கண்ணப்பன், "இன்னா அங்கமுத்து, சீட்டு கெடச்சிதா?" என்று கேட்டான். இவர் இல்லையென்று தலையாட்டினார். அவன் சொன்னான்: "உன் பாட்டுல எவனும் எறங்கல. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். வெளக்கு வெக்கற வரிக்கும் உன்துதான், போ."

பார்த்தேன். ஏரி முழுக்கத் தோணிகள். எங்கள் இடத்தில் மட்டும் காலையிலிருந்து ஒருத்தரும் தொடாத தண்ணீர்.

அங்கமுத்து வெள்ளைச் சட்டையோடு மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்கு வைய வரவில்லை, பாவி மனுஷனைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அர்ச்சனா வீட்டுக்குள் போய் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"எந்திரி நைனா. இதாவது நம்மளுதா கீதே."