நிழற்குடையில் ஆளில்லை

மருத்துவமனை வாசலில் புதிதாகக் கட்டிய பேருந்து நிழற்குடையில் ஒரு ஈ காக்கை கிடையாது. பளபளக்கும் இரும்புக் கூரை, மூன்று பக்கமும் கண்ணாடி, வரிசையாக எஃகு இருக்கைகள். சும்மா சொல்லக்கூடாது, விமான நிலையத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்து ரோட்டோரம் வைத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பேருந்துக்குக் காத்திருந்த சனம் மொத்தமும் கொஞ்சம் தள்ளி நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பேருந்து வந்ததும் அங்கிருந்து திபுதிபுவென்று ஓடிவரும். ஏறிக்கொள்ளும். நிழற்குடையை ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் எதிர்ப்பக்கம் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் நகராட்சி இன்ஜினியர். அவருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? நிழற்குடைக்கு வரைபடம் போட்டதிலிருந்து கடைசித் திருகாணி முடுக்கியது வரை எல்லாம் அவர் மேற்பார்வை. நாளை மறுநாள் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். பிடித்துப்போனால் ஊர் முழுக்க இதே மாதிரி கட்டுவார்கள், அத்தனைக்கும் இவர்தான் தலைவர். காலி இருக்கைகளைக் காட்டினால் தலைவர் பதவியாவது ஒன்றாவது!

சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த மரத்தை வெட்டினாத்தான் சனத்துக்குப் புத்தி வரும். வெட்டறதுக்கு நாளைக்கு மத்தியானமே ஆள் வருது."

அவர் மனைவி அதே மருத்துவமனையில் நர்ஸ். அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, மரம் உங்களை என்ன பண்ணுச்சு?"

"இவ்வளவு அழகா ஒண்ணு கட்டி வச்சிருக்கேன், ஒருத்தர் உள்ள வரமாட்டேங்கிறாங்க. எல்லாம் அந்த மரத்தைக் கட்டிக்கிட்டு அழுவுதுங்க. பழக்கதோஷம்!"

"நீங்க என்னைக்காவது மத்தியானத்துல அதுல உக்காந்து பாத்திருக்கீங்களா?"

"கட்டினவன் நான். நான் உக்காந்து வேற பாக்கணுமா?"

"உப்பு பாக்காம நான் குழம்பை ஊத்தினா மட்டும் வீட்டையே ரெண்டாக்கறீங்க?"

இன்ஜினியர் கழற்றிய காலணியை மூலையில் விட்டெறிந்தார். ஆனால் வீம்பை விட்டெறியவில்லை. மனைவி சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: "விளையாட்டில்லைங்க. வெயில் ஏற ஏற எங்க வார்டுல கட்டில் பத்தல. தலைவலி, வாந்தி, மயக்கம்னு வரிசையா வர்றாங்க. சில பேருக்கு நினைவே தப்பிப்போகுது. அதுலயும் வயசானவங்க, கர்ப்பிணிங்க, இதய நோய் இருக்கறவங்க தாங்கவே மாட்டாங்க. உங்க ஸ்டாப்புல நிக்கறவங்க யாருன்னு நினைக்கறீங்க? எங்ககிட்ட வைத்தியம் பாத்துட்டு வீட்டுக்குப் போறவங்க."

"அவங்களுக்குத்தான் கூரை போட்டிருக்கேனே!" என்று எழுந்து போய்விட்டார் அவர்.

மறுநாள் மதியம் ரம்பமும் கயிறுமாக நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மேஸ்திரி வந்து சேர்ந்தான். வந்தவன் மரத்தைச் சுற்றிப் பார்த்தான், அண்ணாந்து பார்த்தான். பிறகு துண்டை உதறி அதே மரத்தடியில் விரித்துப் படுத்துவிட்டான். அவன் ஆட்களும் சாய்ந்தார்கள்.

"என்னய்யா இது?" என்று காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார் இன்ஜினியர்.

"வெயில் கொஞ்சம் தாழட்டும் சார். இப்ப மேல ஏறினா மயங்கிக் கீழ விழுந்துருவோம்."

மருந்துப் பையோடு நின்ற ஒரு அம்மா கேட்டாள்: "ஏம்ப்பா, நிழலைக் குடுக்கற மரத்தடியில படுத்துக்கிட்டே அதை வெட்டப்போறீங்களே, நல்லாயிருக்கா?"

"என்னம்மா பண்றது, கூலிக்கு மாரடிக்கிறோம்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இன்ஜினியருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "ஓய்வெடுக்கணும்னா நிழற்குடைக்குப் போய் எடுங்க. அதுக்குத்தானே கட்டி வச்சிருக்கு!"

மேஸ்திரி மரியாதைக்காக எழுந்து போனான். இருக்கையில் கையை வைத்தான். வைத்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டான். "சார், இது பெஞ்சா, அடுப்பா?"

அவ்வளவுதான். "இப்ப பாருங்கய்யா, நான் உக்காந்து காட்டறேன். அடுத்த பஸ் வர்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்!" என்று முழுக்கைச் சட்டையும் இறுக்கிய டையுமாகப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒருமுறை துள்ளினார். துள்ளியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். எல்லோரும்தான் பார்த்தார்கள்.

முதலில் மிடுக்காகத்தான் இருந்தார், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. கூரை நிழல் தந்தது, பொய்யில்லை. ஆனால் அந்த நிழலோடு சேர்த்து உச்சந்தலையில் அனலையும் இறக்கியது. மூன்று பக்கக் கண்ணாடியும் உள்ளே வந்த சூட்டை வெளியே விடுவேனா என்றது. சட்டை முதுகோடு ஒட்டியது. நாக்கு வறண்டது. பேருந்து எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது, வருகிற வழியைக் காணோம்.

"போதும் வாங்க சார்," என்று கூப்பிட்டான் மேஸ்திரி.

"நல்லாத்தான்யா இருக்கு!" என்றார். குரல் குழறியது. தலைக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலிருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்திரிக்கலாமா என்று நினைத்தபோது காலில் பலமில்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வர, அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

மரத்தடியே அலறிக்கொண்டு ஓடியது. மேஸ்திரியும் ஆட்களும் அவரை அலாக்காகத் தூக்கிவந்து, தங்கள் துண்டின் மேலேயே கிடத்தினார்கள். யாரோ மருத்துவமனைக்குள் ஓட, நர்ஸ் விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் தன் புருஷனைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கைகள் தாமாகவே வேலை செய்தன. டையை உருவினாள், சட்டைப் பொத்தான்களைத் திறந்தாள், நனைத்த துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். "விசிறுங்க, விசிறுங்க! கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்!" மருந்துப் பை அம்மா தன் எக்ஸ்ரே உறையாலேயே விசிறினாள்.

கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் கண் திறந்தார். தலைக்கு மேல் இலைகள் அசைந்துகொண்டிருந்தன. முகத்தில் பட்ட காற்று சில்லென்று இருந்தது. அதே தெரு, அதே வெயில், நாலு எட்டு தள்ளித்தான் அந்தச் சூளை. வேர் உறிஞ்சும் தண்ணீரை இலைகள் ஆவியாக விட்டுச் சுற்றிலும் குளிரவைக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்தான் அவர். படித்தது இன்றைக்குத்தான் உடம்பில் ஏறியது.

மனைவி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடிக்கவைத்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பயந்துட்டியா?" என்றார் மெல்ல.

"பயப்படாம? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" என்று திட்டும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கியது. இரும்பு மாதிரி இருக்கிற தனக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலோடும் கட்டோடும் வருகிறவர்களை அல்லவா அதில் உட்காரச் சொல்லி அடம்பிடித்தோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "சார், வெயில் தாழ்ந்துருச்சு. ரம்பத்தை எடுக்கலாமா?"

"ரம்பத்துல கை வச்சே, தொலைச்சுருவேன்!"

அழுதுகொண்டிருந்த நர்ஸும் சிரித்துவிட்டாள். உள்ளே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, சாயங்காலம் வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

மறுநாள் பெரிய அதிகாரி வந்தார். நிழற்குடை காலி. மரத்தடியில் திருவிழாக் கூட்டம்.

"என்னய்யா, ஒரு ஆளைக் காணோம்?"

"வரமாட்டாங்க சார். தப்பு அவங்க மேல இல்ல, என் மேல," என்றார் இன்ஜினியர். "இதே மாதிரி ஊர் முழுக்கக் கட்ட வேண்டாம். முதல்ல ஸ்டாப்புக்கு ஸ்டாப் மரம் வைப்போம். அது வளர்ற வரைக்கும் சூட்டை இறக்காத கூரையா, காத்து போக வழிவிட்டுப் போடுவோம். இந்தக் கண்ணாடியை இன்னைக்கே கழட்டறேன்."

"பதவி உயர்வு வேணாமா உமக்கு? மரம் வைக்கறதா இன்ஜினியர் வேலை? அதெல்லாம் ஊரு அழகுக்கு வைக்கறதுய்யா." பேசிக்கொண்டே அதிகாரி இருக்கையில் உட்காரப் போனார், சூடு தாங்காமல் எழுந்தார், தன்னையறியாமல் மரத்தடிக்கு நகர்ந்தார்.

இன்ஜினியரும் கூடவே நகர்ந்தார்.

"அழகுக்கு இல்ல சார், உயிருக்கு. நேத்து நான் இங்க மயங்கி விழுந்தேன். பக்கத்துல மரம் இருந்துச்சு, ஒரு நர்ஸ் இருந்தாங்க, பிழைச்சேன். மத்த ஸ்டாப்புல விழறவனுக்கு யார் இருக்கா? எல்லா ஸ்டாப்புக்கும் ஒரு நர்ஸைப் போட நம்மால முடியாது. ஒரு மரத்தை வைக்க முடியும்."