டெங்கு இல்லை

மூன்றாவது தடவையும் ஹிமாயா கண்ணாடித் தகட்டில் எழுதியிருந்த பெயரை வாசித்துப் பார்த்தாள். முபாறக், நாற்பத்தொரு வயது. அவளுடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர். இரத்தம் எடுத்ததும் சாயமிட்டதும் அவள்தான், மாறிப்போக வழியில்லை.

கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினான்கு வருடமாக இரத்தம் பார்க்கிறவள். நல்ல உடம்பென்றால் வெள்ளணுக்களின் கரு மூன்று நான்கு துண்டாக, நூலில் கோத்தது போலிருக்கும். கிருமிக் காய்ச்சலில் அணுவுக்குள் புள்ளிகள் தடிக்கும். டெங்கில் வேறொரு வகை அணு பருத்து, நீலம் பூத்திருக்கும். காலையிலிருந்து டெங்குவாக இருக்கவேண்டுமென்றுதான் அவள் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே கிடந்தவை முற்றாத அணுக்கள். எலும்புக்குள்ளிருக்கும் மச்சையை விட்டு வெளியே வரக்கூடாதவை. சிலவற்றுக்குள் ஊசி போன்ற கோல்கள் விறகுக்கட்டுப் போல அடுக்கியிருந்தன. இது ஒருவகை இரத்தப் புற்றுநோய், இதில் இரத்தம் உறையாது. மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னாள். உடனே மட்டக்களப்புக்கு அனுப்புவோம் என்றார்.

காக்கா நற்பிட்டிமுனையிலிருந்து நெல் ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். நான்கு நாளாகப் பல் முரசில் இரத்தம் கசிந்ததைச் சொத்தைப் பல் என்றும், தொடையில் நீலம் பாரித்திருந்த கன்றலை மூட்டை இடித்தது என்றும் சொல்லித் திரிந்தார். வாட்டுக்குள் அவளைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்தார்.

"டெங்குவா புள்ள?"

"டெங்கு இல்ல காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்." கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். "அப்னாக்கிட்டச் சொல்லு. அவ பயந்து போய் இரிக்கா."

வெளியே நின்ற காக்காவின் மனைவி, மச்சி அப்னாவிடம், டெங்கு இல்லை என்று மட்டும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒருக்கா காட்டவேண்டும் என்றாள். இரண்டு நாளுக்கு உடுப்பு எடுக்கவா என்று மச்சி கேட்டாள். ஹிமாயா ஓம் என்றாள்.

அம்புலன்ஸ் கல்லாற்றைத் தாண்டியபோது, தலை பிளக்கிறது என்றார் காக்கா. அதற்குப் பிறகு கதைக்கவில்லை. களுவாஞ்சிக்குடிக்குப் போகுமுன் அவருடைய ஒரு கண்மணி விரிந்துபோயிருந்தது, மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஹிமாயா அவர் காதருகே குனிந்து கலிமா சொன்னாள்.

மறுநாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்குவதென்று முடிவானது. முற்றத்தில் திரை கட்டி, ஆண்கள் ஜனாஸாவைக் குளிப்பாட்டினார்கள். பெண்கள் அறைக்குள் யாசீன் ஓதினார்கள். ஹிமாயா மட்டும் திரையோரம் நின்றாள். மூக்கால் இரத்தம் வருவது நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் பஞ்சு வேண்டும் என்று உள்ளேயிருந்து யாரோ தணிந்த குரலில் கேட்டார். திரைக்கடியால் ஒரு கை நீண்டது. அவள் சுருளிலிருந்து பிய்த்துக் கொடுத்தாள். பிறகு அடுத்த துண்டையும் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.