தளர மறுத்த குழாய்

பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிறவர் பேராசிரியர். ரத்தக்குழாய் எப்படித் தளர்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

மோதிரம் போல நறுக்கிய குழாய்த் துண்டை ஆய்வு மாணவி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்தால் இறுக்கி வைத்திருந்தாள். லேசாக மின்சாரம் கொடுத்தால் அதிலுள்ள நரம்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளியூண்டு விடும். தசை தளரும், திரையில் கோடு இறங்கும். நரம்பு அதட்டாது, உபதேசம் பண்ணாது.

இன்று கோடு இறங்கவே இல்லை.

"ஏம்மா தளர மாட்டேங்குது? கரன்ட்டைக் கூட்டுன்னு சொல்றேன்ல" என்று பேராசிரியர் அவள் காதருகே கத்தினார். அவளுடைய தோள்கள் இறுகின. பக்கத்து மேசைக்காரர் விழாத பேனாவைத் தேடிக் குனிந்துகொண்டார்.

கரைசல் குறைகிறதே என்று, வந்ததும் வராததுமாகப் பேராசிரியரே ஒரு புட்டியை எடுத்து அதில் கவிழ்த்திருந்தார். அவள் அந்தப் புட்டியைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். நரம்பை அந்த வாயுவைத் தயாரிக்கவே விடாத தடுப்பு மருந்து.

"சார், உங்களை ஆபீஸ்ல தேடினாங்க" என்றாள்.

அவர் போனதும் கரைசலைக் கொட்டி, துண்டை நாலைந்து முறை அலசி, புதுக் கரைசலில் மருந்தால் மறுபடி இறுக்கி, மின்சாரம் கொடுத்தாள். கோடு சமர்த்தாக இறங்கியது. அவளுடைய தோள்களும்தான்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார். "அதட்டினாத்தான் எதுவும் நடக்குது. என்னம்மா பண்ணின?"

"தடுத்துக்கிட்டு இருந்ததை வெளியே அனுப்பினேன் சார்."