யோவ் அக்கா

ஷர்லி புருஷனை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவாள். வீடியோவில் மட்டும் ‘யோவ்’. இடுப்பில் கைவைத்து, கழுத்தை நொடித்து, “யோவ் ஜெரால்டு!” என்று அவள் கத்துவதைப் பார்க்க நாலு லட்சம் பேர் இருந்தார்கள். அந்த வருமானத்தை நம்பி டைல்ஸ் கடை வேலையை ஜெரால்டு விட்டு ஒன்றரை வருஷமாகிறது. புதுக்கோட்டையில் காய் வாங்கப் போனாலும் அவளுக்குப் பேர் ‘யோவ் அக்கா’தான். கொஞ்ச நாளாக, வீட்டில் அவள் தண்ணி கேட்டால்கூட அந்தக் குரலே வந்தது.

ஷர்லிக்கு மூன்றாம் மாதம் கரு கலைந்தது. ஆவுடையார்கோவிலிலிருந்து அவள் ஆத்தா சந்தனமேரி வந்து, ஒரு வாரம் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாளே ஜெரால்டு ஸ்டாண்டைப் போட்டு போனை மாட்டினான்.

“முடியலைங்க.”

“ரெண்டு நிமிஷம்தான். பத்து நாளா ஒண்ணும் போடலைன்னா ஆளுங்க மறந்துருவாங்க.”

நடித்தாள். கத்தி முடித்ததும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதையும் வெட்டாமல், பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்து ஏற்றிவிட்டான்.

திங்கட்கிழமை அடுத்த கதையைச் சொன்னான். மாமியார் ‘எப்ப பேரன்?’ என்று கேட்பாள். இவள் எகிறித் திட்ட வேண்டும்.

“நம்ம கஷ்டத்தையே காமெடியாக்கிட்டா மனசுக்கு ஆறுதலா இருக்கும் ஷர்லி.”

அவன் அதை நம்பியேதான் சொன்னான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவன் குளிக்கப் போன நேரம், நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறினாள்.

அறந்தாங்கி பஸ் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து கையைப் பிடித்தான். தலை ஈரம்கூடக் காயவில்லை.

“வீட்டுக்கு வா.”

“கையை விடுங்க. நான் வரலை.”

“எல்லாரும் பாக்குறாங்க ஷர்லி.”

“விடுங்கன்னு சொல்றேன்ல!”

அலறிவிட்டாள். கூட்டம் திரும்பியது. உடனே ஒரே சிரிப்பு. நாலா பக்கமும் போன்கள் உயர்ந்தன.

“அட, நம்ம யோவ் அக்கா!” என்றாள் பூக்காரி.

“அக்கா, ‘விடுங்க’ன்னா நல்லால்ல. ‘யோவ்’னு சொல்லுங்க!” என்று காலேஜ் பெண் ஒருத்தி கத்தினாள்.

“அண்ணே, நெசமாத்தான் சொல்றேன், இவரு…” என்று ஷர்லி கண்டக்டரிடம் ஆரம்பித்தாள். “என்னமா நடிக்குது பாருங்க,” என்றார் அவர்.

ஜெரால்டு போன்களைப் பார்த்தான். மெல்லத் தோளைக் குறுக்கி, தலையைச் சொறிந்து, வீடியோவில் வரும் அப்பாவிப் புருஷனாக அசட்டுச் சிரிப்பு சிரித்தான். கைதட்டினார்கள்.

அவள் கையை உதறிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆத்தாவுக்குப் போன் போட்டாள்.

“ஆத்தா, நான் வாரேன். இனிமே அவரோட இருக்க முடியாது.”

சந்தனமேரி சந்தோஷமாகச் சிரித்தாள். “மறுபடி நடிக்க ஆரம்பிச்சுட்டியா? அப்பாடா, மனசு தேறிட்ட. மாப்ள படம் புடிக்கிறாரா?”

“இல்ல ஆத்தா. நெசமாத்தான்.”

“இரு, பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி வந்துருக்கா. அவளும் கேக்கட்டும். இன்னொரு தடவை அப்படியே சொல்லு.”

ஷர்லி இன்னொரு தடவை சொன்னாள். கத்தாமல், ஒவ்வொரு சொல்லாக. அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஜெரால்டு பஸ்ஸில் ஏறினான். அவள் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, “அண்ணே, இங்கிட்டு ஒக்காருங்க,” என்று இடம் விட்டாள். அவன் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பஸ் கிளம்பியது.