பண்ணிட்டேன் மாமா

மீன் தொட்டியின் உப்புத் தண்ணீரில் முழங்கைக்கு மேல் வரை கையை விட்டு, கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அவள் நின்றாள். அந்தப் பவளத்தைப் பெரிய கல்லின் மேல் ஏற்றி வைக்கச் சொன்னார் அக்காவின் கணவர், வெளிச்சம் போதவில்லையாம். முந்தாநாள் இதே வாய்தான் வெளிச்சம் அதிகம், இறக்கு என்றது. இறக்கினாள். இன்றைக்கு ஏற்றினாள். கை பட்டதும் அது தன்னை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது.

மென்பவளம், உயிருள்ளது. காளான் மாதிரி தண்டு, மேலே குடை, குடை முழுக்கப் பொடிப் பொடியாகப் பூக்கள். மாமா தன் அம்மாவைப் பார்க்க அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பிய மறுநாளே அந்தப் பூக்கள் அத்தனையும் மறைந்துவிட்டன. இப்போது மெழுகு பூசியது போல ஒரு பழுப்புப் பளபளப்புதான் மிச்சம். தினமும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பார்த்துவிட்டு ஒரு கட்டளை வரும். பாதித் தண்ணீரை மாற்று. சொட்டு மருந்து விடு. பம்பை அதன் பக்கம் திருப்பு. ஐயோ, எதற்குத் திருப்பினாய், தள்ளி வை.

அவளுடைய வேலை, நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தான் செய்யாத தப்புக்கு முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பது. அதுவும் மாமா ஒருவரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. தங்கியிருப்பதும் அவர் வீட்டில்தான். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் மாமா இதைச் சொல்லியிருக்கிறார், அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அது எந்த விருந்தாளிக்கும் தெரியாது. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடிக்கும்.

பவளம் செத்தால் அவளை ஒன்றும் சொல்ல மாட்டார். அக்காவைத்தான் சொல்வார். அடிக்கிற ஆள் இல்லை. சாப்பிடும்போது சொல்வார், விளக்கை அணைத்த பிறகு சொல்வார், உன் தங்கச்சியை நம்பினேன் பார் என்று வருஷக்கணக்கில் சொல்வார். எப்போதோ ஒரு மீன் செத்ததற்கு அக்கா இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தொட்டிக்கு உப்பு வாங்கப் போன வளர்ப்பு மீன் கடையில், கடைக்கார அம்மாவிடம் வீடியோவைக் காட்டினாள். என்னென்ன செய்தாய் என்று அவர் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பட்டியல் நீண்டுகொண்டே போனது.

"இவ்வளவும் எனக்குப் பண்ணியிருந்தா நானும் சுருட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன்," என்றார் அவர். இந்த வகை அவ்வப்போது தோல் உரிக்கும், அப்போது பார்க்கச் செத்தது போலத்தான் இருக்கும் என்றார். இடத்தையும் வெளிச்சத்தையும் தண்ணீரையும் மாற்றிக்கொண்டே இருந்தால் அது எதற்கென்றுதான் தாங்கும்? "கையே வைக்காதம்மா. சும்மா விடு." பிழைத்துவிடுமா என்று கேட்டாள். அதை அதுதான் சொல்லணும் என்று சிரித்தார்.

இதை மாமாவிடம் சொன்னதும், மீன் விற்கிறவளுக்கு என்ன தெரியும் என்றார். பழைய டூத்பிரஷ் எடுத்து அந்த மெழுகைத் தேய்த்து எடு, இப்போதே. அவர் போனை வைத்த கையோடு அக்கா கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அவர் சொல்றதைப் பண்ணிடுடி. நீ நாளைக்கே வேற இடம் பாத்துக்கிட்டுப் போயிடுவ. நான்தானே அந்த வீட்ல இருக்கணும்."

பிரஷ்ஷோடு போய் மூடியைத் திறந்தாள். தேய்த்துச் செத்தால், தேய்க்கத் தெரியவில்லை என்பார். தேய்க்காமல் செத்தால், சொன்னதைச் செய்யவில்லை என்பார். எப்படிப் பார்த்தாலும் அக்காவின் தலையில்தான் வந்து விடியும். கோபம்கூட வரவில்லை, கை வலித்தது. பிரஷ்ஷை நனைக்காமலே மூடியைப் போட்டாள்.

"தேய்ச்சியா?"

"தேய்ச்சிட்டேன் மாமா."

"மெதுவா?"

"பூ மாதிரி."

அடுத்த நாள் தண்ணீர் மாற்றிவிட்டேன் என்றாள். அதற்கடுத்த நாள் சொட்டு மருந்து. எடுத்து வைத்திருந்த பழைய வீடியோவையே அனுப்பினாள்; கொஞ்சம் தெளிஞ்சிருக்கு, நான் சொன்னேன்ல என்றார் மாமா. பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. அக்காவிடமும் அதே பொய்யைச் சொன்னாள்; அது மட்டும் லேசாக வரவில்லை.

அவர்கள் வந்து இறங்கிய அன்று மாமா கீழே பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். முதலில் படியேறி வந்த அக்காவிடம், வாசலிலேயே, "நான் ஒண்ணுமே பண்ணலக்கா. எல்லாம் பொய்," என்றாள். அக்கா தொட்டியைப் போய்ப் பார்த்தாள். குடையின் ஓரத்தில் மெழுகுத்தோல் கிளம்பி, நீரோட்டத்தில் கந்தலாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் தெரிந்த சதை வெளுத்திருந்தது. புதுசா, செத்துப்போய்விட்டதா, தெரியவில்லை.

மாமா உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டே நேராகத் தொட்டிக்கு நடந்தார். அக்கா தோளில் கிடந்த பையைக் கழற்றி மூடியின் மேல் வைத்தாள்.

"வழியெல்லாம் கண்டதையும் பிடிச்ச கை. கழுவிட்டு வாங்க."

அவர் அக்காவைப் பார்த்தார், பையைப் பார்த்தார், குளியலறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா பையை எடுக்கவில்லை. அதன் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு உள்ளே அந்தத் தோல் ஒரு பக்கம் பிய்ந்து, இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டே இருந்தது. குழாய்ச் சத்தம் நின்றது.